ஒலிநாடாப் பித்தர்கள்

சங்கீதத்தில் அபிமானம் உள்ளவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: பாட்டைக் கேட்பவர்கள் ஒரு வகை, பாட்டு எதிலிருந்து வருகிறதோ அந்த யந்திரத்தைக் கேட்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையாரைப் பற்றி நாம் கவலைப்பட ஒன்றுமில்லை. கையிலுள்ள தொலைபேசியை ஒரு விரலால் தொட்டால் அவர்களுடைய மனோரதம் பூர்த்தியாகிவிடும். இரண்டாம் வகையாருக்கோ அப்படித் தொட்டவுடன் வருவது சங்கீதமே அல்ல. நாடா சுற்ற வேண்டும், முள் ஆட வேண்டும், நல்ல கட்டத்தில் எங்கேயாவது சிக்கிக்கொள்ளவும் வேண்டும்.

என் நண்பர் ஒருவர் இந்த இரண்டாம் வகையில் பரிபக்குவம் அடைந்தவர். மைலாப்பூரில் உள்ள அவருடைய வீட்டு முன்னறையில், மனிதர் உட்காருவதற்கென்று வாங்கிய நாற்காலிகளில் எல்லாம் ஸ்பூல் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். 1963-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியார் முதன்முதலாகக் காட்டிய சாதாரணக் காசெட்டின்மேல் அவருக்கு அவ்வளவாக மதிப்பில்லை. காரணம், அது ஜெயித்துவிட்டது. பெட்டிக்கடைவரை வந்துவிட்ட ஒரு வஸ்துவைப் பாராட்ட ஒரு ரசிகர் எதற்கு? தோற்றுப் போனவற்றிடந்தான் அவருக்குப் பரம பிரீதி.

தோற்றவற்றுள் ஒன்று எட்டு டிராக். ஆகாய விமானம் செய்து பிரசித்தி பெற்ற பில் லியர் என்னும் அமெரிக்கர் 1964-இல் உருவாக்கி, ஃபோர்டு கம்பெனியார் தங்கள் 1966-ஆம் ஆண்டுக் கார்களில் வைத்து விற்ற இந்தப் பெட்டிக்குள், நாடாவுக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. தலையும் வாலும் ஒட்டப்பட்டு, ஒரே சுருளாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னோக்கிச் சுற்றும் பேச்சே கிடையாது. நாடாவில் பாட்டுக்கள் நான்கு பகுதிகளாகப் பதிந்திருக்கும்; ஒரு பகுதி முடிகிற இடத்தில் பாட்டு முடியாவிட்டால், பாடகரின் குரல் மெல்ல அடங்கி, 'டக்'கென்று ஒரு சப்தம் எழுந்து, அதற்குப் பிறகு பாட்டின் மிச்சம் தயங்கித் தயங்கித் தலைகாட்டும். உலகத்தார் குறையென்று ஒதுக்கிய அந்த 'டக்'குக்காகவே என் நண்பர் கண்ணை மூடிக் காத்திருப்பார். அது வந்தவுடன், கச்சேரியில் நல்ல பிருகாவைக் கேட்டவர்போல் சிரக்கம்பம் செய்வார்.

எல்காசெட்டின் கதையைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை கம்மிவிடும். சாதாரணக் காசெட்டில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 1976-இல் ஸோனி, மாட்ஸுஷிடா, டியாக் ஆகிய ஜப்பானியக் கம்பெனிகள் வெளியிட்ட எல்காசெட்டிலோ நாடா கால் அங்குல அகலம்; வேகமும் இரட்டிப்பு. நாத சுகம் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் குரோம் நாடாவும், இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையும் சேர்ந்து சின்னக் காசெட்டையே போதுமான அளவு பாட வைத்துவிட்டபடியால், பெரியதை வாங்க ஆள் வரவில்லை. 1980-இல் அதற்கு மங்களம் பாடி, மிச்சச் சரக்கைப் பின்லாந்தில் மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். "பின்லாந்துக்காரன் கொடுத்து வைத்தவன், ஸார்!" என்று நண்பர் பெருமூச்சு விடுவார். 1992-இல் பிறந்து 1996-இல் மறைந்த டிஜிட்டல் காசெட்டுக்கும் அவர் வீட்டில் அடைக்கலம் உண்டு.

இத்தனை நாடாக்கள் இருந்தும், அந்த வீட்டில் ஒரு பாட்டையாவது நான் பூராவாகக் கேட்டதில்லை. முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால், நாடாவிலிருந்து பாட்டை எடுக்கும் ஹெட்டைத் துடைப்பார். பிறகு, நாடாவுக்கு ஹெட் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, மிகச் சிறிய ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பக்கத்திலுள்ள திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். பாடகரின் 'ஸ' மழுங்காமல் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். அது தெளிந்த நிமிஷமே முகம் மலர்ந்து, "கேட்டீர்களா!" என்று சொல்லி யந்திரத்தை நிறுத்திவிடுவார்.

எழுபது, எண்பதுகளில் தயாரான சில உயர்ந்த ரக ஸ்பூல் நாடாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் நாடா கிறீச்சிடுவதோடு, துகளும் அதிலிருக்கும் பாட்டும் உரிந்துபோகும். ஏறக்குறைய 54 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வாட்டினால், சில வாரங்களுக்கு நாடா பிழைத்திருக்கும். அதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு நண்பர் உபயோகிப்பது, அவர் மனைவி வற்றல் உலர்த்துவதற்காக வாங்கிய மின்சாரப் பெட்டி. "நீங்களாவது கேளுங்கோ, அண்ணா! இந்தப் பெட்டியிலே இன்னிவரைக்கும் ஒரு மணத்தக்காளி காஞ்சிருக்கா?" என்று அந்த அம்மாள் என்னிடம் முறையிட்டபோது, நண்பர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது" என்று சாந்தமாகச் சொன்னார்.

இவ்வளவு பரிகாசம் செய்த பிறகு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளைய சபாக் கச்சேரிகளிலும் வானொலிக் கச்சேரிகளிலும் பல இன்று நம் காதில் விழுவதற்குக் காரணம், அவற்றை வீட்டு ஸ்பூல் யந்திரத்தில் பிடித்து வைத்த ரசிகர்களும், அந்த ஸ்பூலை ஓட்டும் யந்திரத்தை வீட்டில் உயிரோடு வைத்திருக்கும் பித்தர்களுந்தான். நாடா இருந்து யந்திரம் இல்லையென்றால், எப்பேர்ப்பட்ட வித்வானும் மௌன விரதந்தான். பாட்டை முழுவதும் கேட்கப் பொறுமையில்லாத இவர்கள், நாம் முழுவதும் கேட்பதற்காக எட்டு மணி நேரம் அடுப்பங்கரையில் காவல் இருக்கிறார்கள்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரணில் பழைய ஸ்பூலோ காசெட்டோ கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விசாரித்தால் உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பித்தர் அகப்படுவார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். காப்பி கொடுத்தால் மட்டும் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உட்கார்ந்தால் எல்காசெட்டில் ஆரம்பித்துவிடுவார்.