பலூன் லாரியின் உயரம் அறியும் அளவைகள்: புதுவாயலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

உயரம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தமிழ்நாடு புதிதன்று. 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்னும் வெள்ளைக்காரர் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். அங்கே தொடங்கிய நில அளவை நாடு முழுக்க நடந்துபோய், 1856இல் எவரெஸ்டின் உயரத்தை உலகுக்கு அறிவித்துவிட்டுத்தான் மூச்சு விட்டது. ஆனால் அதே சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா சாலையில் போய், புதுவாயலில் ஓரங்கட்டி நிற்கும் ஒரு லாரியைக் காட்டி, "இதன் சேஸ் ஆக்சிலுக்கு மேலே எத்தனை விரற்கடையில் நிற்கிறது?" என்று கேட்டால், டிரைவர் கிளீனரைப் பார்க்கிறார்; கிளீனர் லாரியைப் பார்க்கிறார். இமயத்துக்குக் கிடைத்த கவனம் லாரிக்குக் கிடைக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். செலவு குறைந்த வழிகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படும். செலவு மிகுந்தவற்றை ஆராய, செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

2. ஆய்வுக் களம்

புதுவாயல் திருவள்ளூர் மாவட்டத்தில், தச்சூரைத் தாண்டி, கவரைப்பேட்டைக்கு முன்னால், தேசிய நெடுஞ்சாலை 16இல் உள்ளது. பழைய எண் 5 என்றால்தான் பழைய டிரைவர்களுக்குப் புரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கம்பியும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போய்வரும் கன்டெய்னரும் இரவு பகலாக ஓடும் வட்டாரம் இது. எண்ணூரிலேயே 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையும் இருக்கிறது. ஆக, லாரி பிறக்கும் இடமும் பாடுபடும் இடமும் பழுது பார்க்கும் இடமும் ஒரே வட்டாரத்தில் அமைந்த அரிய களம்.

3. பொருள் விளக்கம்

நம் சாலையில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை பட்டை ஸ்பிரிங் கட்டியவை. பட்டையில் உயரமும் பாரமும் பிரியாதவை. பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து சேஸ் தாழும். இறக்கினால் பட்டை வளைந்து சேஸ் எழும். எனவே பட்டையின் வளைவை ஒரு பார்வை பார்த்தே, வண்டியில் எத்தனை டன் என்று சொல்லிவிடும் டிரைவர்கள் உண்டு.

பலூன் இந்தத் தாம்பத்தியத்தை முறித்துவிட்டது. பட்டைக்குப் பதில் ரப்பர் பலூனில் காற்றடைத்துச் சேஸைத் தாங்கும் முறையில், பாரம் எவ்வளவானாலும் காற்றைக் கூட்டி உயரத்தை நிலைநிறுத்தலாம். பாரமே இல்லாமலும் விண்ணென்று தூக்கலாம். 1953இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பேருந்துக்குக் கொடுத்தது. 1955இல் பிரான்சின் சித்ரோயன் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் சேர்த்துத் தானே உயரம் சரிசெய்துகொள்ளும் காரைக் கொண்டுவந்தது. இன்றைய ஏர் பஸ்களில் இந்த வேலையை லெவலிங் வால்வு பார்க்கிறது.

அந்த வால்வு இல்லாமல், டிரைவரே கைவால்வைத் திருகிக் காற்றை ஏற்றி இறக்கும் வண்டியே நம் ஆய்வுப் பொருள். இதில் உயரம் தவறினால் என்ன கேடு எனின், தாழ்ந்தால் சேஸ் தடுப்பு ரப்பரில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளமும் நேரே டிரைவரின் முதுகெலும்புக்கு வரும். உயர்ந்தால் ஷாக் அப்சார்பர் முழுக்க இழுபட்டுப் பிய்யும். இரண்டிலும் ஜாயின்ட் ஷாஃப்டின் கோணம் மாறி, சிலுவை பேரிங் தேயும். ஒன்றரை மீட்டர் தளமுள்ள ட்ரெய்லரில் 2.896 மீட்டர் உயரக் கன்டெய்னர் ஏறினால், ரயில்வே கேட்டின் 4.67 மீட்டர் உயரத் தடுப்புக்கும் கன்டெய்னரின் தலைக்கும் மீதம் 27 சென்டிமீட்டர்தான். அதில் எவ்வளவைப் பலூன் தின்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

4. அளவைகள்

ஒன்றை எவ்வாறு அறிகிறோம் என்ற கேள்விக்கு மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து வழிகள் சொல்கிறான். அக்காப்பியம் பாடிய சாத்தனார் காலத்தில் லாரி இல்லை என்பதால் அந்தப் பத்தும் லாரிக்குப் பொருந்தாமல் போய்விடவில்லை. இடம் கருதி ஆறு மட்டும் இங்கு ஆராயப்படுகின்றன.

4.1 ஆகம அளவை. இது இருவகைப்படும். முதலாவது, தயாரிப்பாளர் தரும் கையேடு. சேஸின் அடிக்கும் ஆக்சிலின் நடுவுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று மாடல் வாரியாக அதில் அச்சிட்டிருக்கும். இந்த ஆகமம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், ஆர்.சி. புத்தகத்தோடும் சாமி படத்தோடும் பூஜிக்கப்படுகிறது. இரண்டாவது, கிளீனர் வாக்கு. "ஏத்துங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" இதில் 'கொஞ்சம்' என்பதன் நீளம் கிளீனர் சாப்பிட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். முதல் ஆகமம் இருக்க வேண்டிய உயரத்தைச் சொல்கிறது, இருக்கும் உயரத்தைச் சொல்லவில்லை. இரண்டாவது, இரண்டையும் சொல்லவில்லை.

4.2 ஐதிக அளவை. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை ஐதிகத்துக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது மணிமேகலை. லாரியில் இதன் கருவி, பம்பருக்குக் கீழே தொங்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பழம் ரோட்டைத் தொட்டால் வண்டி தாழ்ந்துவிட்டது என்று கொள்ளலாமே எனின், கொள்ளலாகாது. வாரந்தோறும் புதுக்கயிறு, புதுப்பழம். கயிற்றின் நீளமும் பழத்தின் பருமனும் ஒருமுறைபோல் மறுமுறை இருப்பதில்லை. மேலும் பழம் தரையிலிருந்து அளப்பதால் டயர் தேய்மானத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அது கண்ணேறு அளக்கும் கருவி. அந்தத் துறையில் அதன் துல்லியத்தை இக்கட்டுரை ஐயுறவில்லை.

4.3 அபாவ அளவை. இன்மையிலிருந்து அறிவது. "அடியில எங்கேயும் இடிக்கிற சத்தம் வரலை, அப்போ உயரம் சரியா இருக்கு." இந்தப் பள்ளியினரே தொகையில் மிகுந்தவர். இவர்களது கருவிக்கு விலை கிடையாது. அது பொய்த்த பிறகு வரும் பில்லுக்கு உண்டு.

4.4 உவம அளவை. இடப்பக்கம்போல் வலப்பக்கம் என்று ஒப்புமையால் அறிவது. இதன் கருவி கொத்தனாரின் ரசமட்டம். டேஷ்போர்டில் ஒட்டிவிட்டால் குமிழி நடுவே நிற்கிறதா என்று உட்கார்ந்தபடியே பார்க்கலாம், விலையும் சொற்பம். ஆனால் எல்லாப் பலூனிலும் காற்று போய், லாரி அத்தனை மூலையிலும் சீராக உட்கார்ந்திருக்கும் வேளையில்தான் குமிழி மிக அழகாக நடுவில் நிற்கும். ரசமட்டம் சாய்வை அறியும். உயரம் அதற்குத் தெரியாது.

4.5 கருதல் அளவை. புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல, காற்றழுத்த மீட்டரைக் கொண்டு உயரத்தை ஊகிப்பது. படித்தவர்கள் வழுக்கும் இடம் இதுவே என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு பலூன் தாங்கும் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், அதன் மேல் பாரம் இரண்டு டன் என்று கொள்வோம். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.3 கிலோ இருந்தாக வேண்டும். இப்போது வால்வைத் திறந்து சேஸை ஐந்து சென்டிமீட்டர் தூக்குகிறோம். உள்ளே காற்று கூடிவிட்டது. ஆனால் மேலே இருக்கும் பாரம் அதே இரண்டு டன். தாங்கும் பரப்பும் கிட்டத்தட்ட அதே. ஆகவே முள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். லாரி எழுந்ததை மீட்டர் அறியவே இல்லை. இன்னொன்றும் உண்டு. கத்திரி வெயிலில் 40 டிகிரியில் சரிபார்த்து நிறுத்திய வண்டி விடியற்காலை 25 டிகிரிக்கு வந்தால், கசிவே இல்லாவிட்டாலும் பலூன் காற்று இருபதில் ஒரு பங்கு சுருங்கிச் சேஸ் தாழும். அப்போதும் முள் அசையாது, ஏனெனில் பாரம் அசையவில்லை.

அற்றேல் மீட்டர் வீணோ எனின், அன்று. அது எடைமேடை. நம் வட்டார லாரிகளில் பலூனை அதிகம் காண்பது லிஃப்ட் ஆக்சிலில். அங்கே பலூனின் வேலை உயரம் காப்பதன்று, பாரத்தைப் பங்கு போடுவது. காற்று குறைந்தால் லிஃப்ட் ஆக்சில் சும்மா உருள, பக்கத்து ஆக்சில் அதிகம் சுமக்கும். மிகுந்தால் ஓட்டும் சக்கரம் பிடிப்பு இழந்து சேற்றில் சுழலும். 2018இல் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை ஆக்சிலின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை ஆக்சிலுக்கு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்த்தியது. அந்த வரம்புக்குள் நிற்கிறோமா என்று பார்க்க மீட்டரே தக்க துணை. உயரத்தைக் கேட்டால்தான் அது எடையைச் சொல்லும்.

4.6 காண்டல் அளவை. எஞ்சியது நேரே பார்ப்பது. இதன் கருவிகள் மூன்று.

(அ) செங்கல். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் சூளைகள் இருக்கச் செங்கலுக்குப் பஞ்சமில்லை. நாட்டுச் செங்கல் ஒன்பது, நாலரை, மூன்று அங்குலம் என்று ஒரே உடம்பில் மூன்று அளவு கொண்டது. ஆனால் சூளைக்குச் சூளை அளவு மாறும். அரசுத் தர அளவான 190 மில்லிமீட்டரோடு நாட்டுக்கல் ஒத்துப்போகாது. தவிர, கல்லைச் செருகக் கை உள்ளே போக வேண்டும்.

(ஆ) அளவுக்கட்டை. கையேட்டின் மில்லிமீட்டருக்கு அறுத்த கட்டையை நீளக் காம்பில் அடித்து வெளியிலிருந்தே பிடித்துப் பார்ப்பது. சரி, தாழ்வு, உயர்வு என்று மூன்று கோடு போட்டால் போதும். தச்சனுக்கு ஐந்து நிமிட வேலை.

(இ) கேபிள் முள். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் பழைய வண்டிகளின் கேபிள் ஒன்று. அதன் வெளியுறையைச் சேஸில் இறுக்கி, உள்கம்பியின் ஒரு முனையை ஆக்சிலில் கட்டி, மறுமுனையைச் சிறு ஸ்பிரிங்கால் இழுத்து, அதில் முள் வைத்தால் சேஸ் ஏறி இறங்குவதற்கு ஏற்ப முள் நகரும். பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் பச்சை, சிவப்பு பெயின்ட் அடித்த தகட்டில் முள் ஓடட்டும். டிரைவர் இறங்க வேண்டியதில்லை. கிளீனரின் 'கொஞ்சம்' ஓய்வு பெறும்.

5. தடையும் விடையும்

இத்தனை பாடுபடுவதற்கு ஒரு லெவலிங் வால்வையே வாங்கி மாட்டலாமே என்பது தடை. விடை: மாட்டலாம். எப்போதும் ஒரே உயரம் போதும் என்பவருக்கு அதுவே நல்லது. ஆனால் கிடங்கு மேடைக்குச் சமமாகத் தளத்தை ஏற்றவும், ட்ரெய்லரைக் கோக்கத் தாழ்த்தவும் நினைப்பவர் கைவால்வைத்தான் நாடுகிறார். அவருக்குக் காட்டும் கருவி வேண்டும். அன்றியும் அந்த வால்வு எப்படி உயரத்தை அறிகிறது? வால்வு சேஸில் இருக்கிறது; அதன் கரத்தை ஒரு சிறு கம்பி ஆக்சிலோடு பிணைக்கிறது. நம் கேபிள் செய்வதும் அதையே.

6. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படும் நூற்பா:

இருபால் தொடுவதே உயரம் காட்டும்;
ஒருபால் தொடுவது பிறிதொன்று காட்டும்.

இதன் உரை: இருபாலாவன சேஸும் ஆக்சிலும். இரண்டையும் தொடுகிற கருவி, பழைய இரும்புக் கடையில் எடுத்ததானாலும் உயரத்தைச் சொல்லும். ரசமட்டம் சேஸை மட்டும் தொட்டுச் சாய்வையும், மீட்டர் காற்றை மட்டும் தொட்டு எடையையும், எலுமிச்சை ஒன்றையும் தொடாமல் நம்பிக்கையையும் காட்டும் என்க.

புதுவாயல் சாலையில் பலூன் வண்டி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு இவ்வாய்வு வைக்கும் வேண்டுகோள் இரண்டு. கையேட்டின் உறையைப் பிரித்து, அந்த ஒரு எண்ணை மட்டும் கேபின் கதவின் உட்புறம் பெயின்டில் எழுதிவையுங்கள். எந்தக் கருவியால் அளந்தாலும், சேஸுக்கு முட்டுக் கொடுக்காமல் கையையோ தலையையோ அடியில் நுழைக்காதீர்கள். பலூன் வெடித்தால் சேஸ் ஒரே நொடியில் இறங்கும்.