கேமரா ஏரியா

ஹால் ஆபீசர் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதில்லை, சுவரைத் துடைக்கிறார்.

2020 மார்ச்சில் "பத்து நாளைக்குத்தான்" என்று ஹாலில் லேப்டாப்பைத் திறந்தவர். இப்போது கம்பெனி வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னாலும், மிச்ச நாளெல்லாம் ஹால் அவருடையதுதான். அவரைப் பொறுத்தவரை வீடு என்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தடிச் சுவர். அதற்கு டெக்ஸ்சர் பெயின்ட், மஞ்சள் விளக்கு, மணி பிளான்ட், பிரிக்காத நான்கு தடிப் புத்தகங்கள். முன்பு அங்கே தொங்கிய தாத்தா இப்போது பாத்ரூமுக்கு எதிரே மாட்டப்பட்டிருக்கிறார். தண்ணீர் கேன், வயர்ச் சுருள், காயாத துண்டு எல்லாம் கேமராவுக்கு இந்தப் பக்கம் குவிந்து கிடக்கும். "பிளர்னு ஒண்ணு இருக்காமே மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டால், "இவ்வளவு செலவு பண்ணின சுவரை மறைக்கவா அத்தை?" என்பார்.

ஓஎம்ஆர் பக்கத்து ஃபிளாட்டுகளில் எல்லா அறையும் ஹாலில்தான் திறக்கும். "பாசேஜ் வேஸ்ட்டே கிடையாது சார்" என்று சொல்லித்தானே பில்டர் விற்றார்! அந்தச் சிக்கனத்தின் பலன், பாத்ரூம் போவதற்கும் இவர் முதுகுக்குப் பின்னால்தான் வழி. மூட்டு வலிக்கார மாமியாரானாலும் மேசை மட்டத்துக்குக் கீழே குனிந்தே கடக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், முகத்தில் சிரிப்பு மாறாமல், மேசைக்கடியில் இடக்கையைக் கோழி விரட்டுவதுபோல் ஆட்டுவார். 2016-இல் வந்த ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவைக் கணக்குக் காட்டச் சொன்னது. கேமரா ஏரியா பற்றி அதில் ஒரு வரி இல்லை.

சிரிப்பை விட்டுச் சொல்கிறேன். அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது இவர் ஒருவர் மட்டுமல்ல. மனைவியும் ஐ.டி.தான், டீம் லீடர். அவளுக்கு ஆபீஸ், சர்வீஸ் பால்கனி. வாஷிங் மெஷின்தான் மேசை. தலைக்கு மேலே கொடி. ஸ்பின் ஓடினால் ஸ்கிரீனும் சேர்ந்து ஆடும் என்பதால் மீட்டிங் முடியும்வரை துணி ஊறிக்கொண்டே கிடக்கும். சாரல் அடித்தால் லேப்டாப்புக்குத் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே பேசுவாள். பெட்ரூமுக்குள் உட்காரலாம்தான், அங்கே சிக்னல் எட்டாது. ரூட்டர் ஹாலில், இவர் காலடியில் இருக்கிறது.

ஒரு நாள் மனமிரங்கி இவரே அவளுக்கு யோசனை சொன்னார்: "உன் பேக்கிரவுண்ட் ரொம்ப மோசமா இருக்கு. பின்னாடி தொங்குற என் பனியனையாவது எடுத்துட்டுப் பேசேன்."