27 கியர் அண்ணன்

கடலூரில் இவரை வங்கி மேலாளராக, பல் டாக்டராக, உரக்கடை முதலாளியாகப் பல வேடங்களில் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுவாரம் சைக்கிள் வாங்கியிருப்பார். அதற்கு அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழு. குழுவில் எல்லாருக்கும் அவர் 'அண்ணே', அவரைவிட மூத்தவர்களுக்கும்.

"ஞாயிறு காலை 5 மணி, மஞ்சக்குப்பம் மைதானம், சிதம்பரம் ரைடு" என்று சனிக்கிழமை இரவு அறிவிப்பு வரும். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். விடிந்தால் ஆறு பேர். அதில் ஒருவர் வழியனுப்ப வந்தவர்.

ஏறக்குறைய 45 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில் மேடு என்று சொல்லிக்கொள்ளப் பாலங்களை விட்டால் வேறில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீரே நின்று யோசிக்கும் பூமி. ஐப்பசி மழையில் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இது நினைவுக்கு வரும். இங்கே ஓட்டத்தான் அண்ணனுக்கு 27 கியர். வெள்ளாற்றுப் பாலம் கண்ணில் பட்டதும், "ஏத்தம் வருது, கியரைக் குறைங்க!" என்று குரல் கொடுப்பார். மலைப் பயிற்சிக்குக் கேப்பர் மலை இருக்கிறது. பெயரில்தான் மலை, மேலே மத்திய சிறை. உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, இந்த மனிதர் எதற்காக மூச்சு வாங்க இங்கே வருகிறார் என்று அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள்.

முதுநகர் தாண்டியதும் மூச்சுப் பயிற்சி வகுப்பு. "நல்லா ஆழமா இழுங்க, மூக்காலேயே இழுங்க!" வகுப்பு சூடு பிடிக்கும்போது சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை வந்துவிடும். அடுத்த சில கிலோமீட்டருக்கு அண்ணன் வாய் திறக்கமாட்டார். சிப்காட்டுக்குக் குழு நன்றி சொல்லும் ஒரே சந்தர்ப்பம் அது.

போகும்போது எப்போதும் எதிர்க்காற்று. அப்படியானால் திரும்பும்போது முதுகில் தள்ளுமே என்று கேட்டுவிடக் கூடாது. "அப்ப கடக்காத்து இறங்கிடும் தம்பி, குறுக்கால அடிக்கும்" என்பார்.

ஆலப்பாக்கம் பக்கம் ஒரு பெரியவர் பழைய ஹெர்குலிஸில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இவர்களைச் சாவகாசமாக முந்துவார். கியர் கிடையாது, ஹெல்மெட் கிடையாது, வாயில் பீடி மட்டும் உண்டு. "இன்னா சார், பஞ்சரா?" என்று அவர் கேட்பதில் கேலி துளியும் இல்லை; அதுதான் அண்ணனுக்குத் தாங்காது. "ரெகவரி ரைடு பெரியவரே" என்பார்.

டீக்கடையில் முதலில் நிற்பது சைக்கிள் அல்ல, கைக்கடிகாரம். டீ குடித்த நேரம் ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகத்தைக் கெடுத்துவிடக் கூடாது. அந்தக் கவனத்தில் பெடலோடு மாட்டியிருக்கும் ஷூவை விடுவிக்க மறந்து, பெஞ்சு மேல் சாய்வதும் உண்டு. டீ வந்ததும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் பயணத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகும். 1891இல் தொடங்கியது, 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அடுத்தது 2027. தகுதி பெற 200, 300, 400, 600 என்று ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். 200க்குப் பதிமூன்றரை மணி, 600க்கு 40 மணி. எல்லாம் விரல்நுனியில். முட்டிதான் 100க்கு மேல் ஒத்துழைப்பதில்லை.

அதற்கு முன்னோட்டமாக ஹரித்துவாரிலிருந்து வாரணாசி வரை கங்கைச் சமவெளியில் குழுவாகப் போகும் திட்டமும் உண்டு. மேப் தயார், டீ-ஷர்ட் தயார். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. பிப்ரவரியில் பிள்ளைக்குப் பரீட்சை. மார்ச்சில் கணக்கு முடிப்பு. மே மாதம் லூ காற்று. அதற்குப் பிறகு மழை. ஐப்பசியில் தீபாவளி. சமவெளி அங்கேயேதான் இருக்கிறது, எங்கும் போய்விடாது என்பது அண்ணனின் ஆறுதல்.

சிதம்பரம் வந்ததும் கீழ வீதியில், கிழக்குக் கோபுரத்தின் முன்னால் நின்று தசைகளைத் தளர்த்துவார். கோபுர வாசலில் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. அண்ணன் ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடித்து நிற்பது எந்தச் சிற்பிக்கும் தோன்றாத 109ஆவது. செல்ஃபி முடிந்தபின் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கடிகாரம் எரிந்ததாகக் காட்டிய கலோரி வட்டியோடு இலையில் வசூலாகிவிடும். பிறகு வெயில் ஏறும். வெயில் ஏறினால் ஒரு குட்டியானை வரும். ஐந்து சைக்கிள்களும் அதில் ஏறும். அந்தப் பயணம் மட்டும் ஸ்ட்ராவாவில் ஏறாது.

ஞாயிறு விடியற்காலையில் அந்த வழியாக வண்டி ஓட்டுகிறவர்கள் இவர்களைக் கண்டால் ஹெட்லைட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், நெருக்கி முந்தாதீர்கள். பேச்சுக் கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள். அண்ணி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சைக்கிள் என்ன விலை என்று கேட்டுவிடாதீர்கள்; வீட்டில் சொல்லியிருக்கும் விலை வேறு.