ரெண்டு டப்பா வைத்தியம்

ஏப்பா பேராண்டி, கையில என்ன டப்பா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற பொடியா? இந்தக் கையில இருக்கிறது? வீக்கத்தைக் குறைக்கிற பொடியாக்கும்! காலையில ஒண்ணைத் தின்னு கூட்டுவ, ராத்திரி இன்னொண்ணைத் தின்னு குறைப்ப. வித்தவன் கெட்டிக்காரன்தான்.

உக்காரு. ஜப்பான் மூளைக்காய்ச்சல்னு கேள்விப்பட்டிருக்கியா? பேருதான் ஜப்பான். நம்ம நாட்டுல அதை முதமுதலா இனங்கண்டது 1955-ல, வேலூர்ல. கொக்கு, நாரை, பன்னி ஒடம்புல பெருகுற கிருமி. நெல்வயத் தண்ணியில பொரியிற க்யூலெக்ஸ் கொசு அதைச் சுமந்துக்கிட்டு, பொழுது சாய வந்து கடிக்கும். கிருமி ஏறினவுக எல்லாருக்குமா சீக்கு முத்துது? 250 பேருல ஒருத்தருக்குத்தான்னு கணக்கு. மத்தவுகளுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அந்த ஒருத்தர் பாடுதான் பெரும்பாடு. கிருமி நரம்பு செல்லைக் கெடுக்குது, சரி. அதை விரட்டக் கெளம்புற நம்ம ஒடம்பு என்ன செய்யுது? மூளையில மைக்ரோகிளியான்னு காவல் செல்லுக இருக்கு. அதுக கண்டபடி ரசாயனத்தைக் கக்கும். ரத்தக்குழாய்ச் சுவரு தளரும். வெளிய ஓடுற வெள்ளையணு கூட்டங்கூட்டமா உள்ள எறங்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான், நல்ல நரம்பும் சேந்து சாகுது. மூளையும் வீங்கிப்போகுது. கால் வீங்கினா செருப்பைக் கழட்டலாம். மண்டையோட்டை எங்கிட்டுக் கழட்டுறது? வலிப்பு, நெனப்பு தப்புறதுன்னு ஒவ்வொண்ணா வரும். சீக்கு முத்தினவுகள்ல நூத்துக்கு 30 பேரு வரைக்கும் செத்துப்போறதுண்டு. பொழச்சவுக பல பேருக்குக் கை கால் வெளங்காது, பேச்சுக் கொழறும்.

"அப்ப வீக்கத்தை அமுக்கிப்புட்டாப் போச்சு"ன்னு நிமிர்ந்து உக்காருறியே! உனக்கு முந்தியே அதை நெனச்சுட்டாக அப்பு. தாய்லாந்துல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டை அதிக அளவுல குடுத்துப் பாத்தாக. 1992-ல முடிவு வந்துச்சு. சாவு குறையல. எதிர்ப்பை ஒரேயடியா அமுக்கினா கிருமியை யாரு தொரத்துறது? அதைக் கொல்ல இன்னைக்கும் தனி மருந்து கெடையாது. டாக்டருக வலிப்பை அடக்கி, மூச்சுத் திணறாமப் பாத்து, மண்டைக்குள்ள அழுத்தம் ஏறாமக் காபந்து பண்ணுறாக. எங்கன கூட்டணும், எங்கன குறைக்கணும்னு அவுகளே மண்டையைப் பிச்சுக்கிட்டுத் திரியயில, உன் தேக்கரண்டிக்கு மட்டும் அளவு தெரிஞ்சிருச்சாக்கும்?

சாயங்காலம் முழுக்கைச் சட்டை போட்டுக்க. ராத்திரி கொசுவலை கட்டு. இந்தக் காய்ச்சல் இருக்கிற ஜில்லாவுல, புள்ளைக்கு ஒம்பது மாசம் முடிஞ்சதும் ஒரு ஊசி, ஒண்ணரை வயசு வாக்குல இன்னொண்ணு போடுறாக. அரசு ஆஸ்பத்திரியில அதுக்குக் காசு கேக்க மாட்டாக. கேக்காததுனாலதான் உனக்கு அது மேல நம்பிக்கை வரலையோ?