பல்லிக்கு வந்த பவிசு

சினிமாவிலிருந்து இறங்கி வந்து, லெகோ என்னும் டென்மார்க் தேசத்துக் கட்டுமானப் பொம்மைப் பெட்டிகளிலே குடியேறியிருக்கும் டைனோசர்களைச் சேகரிப்பது குறித்து வாசக நேயர்கள் விடுத்த வினாக்களில், அச்சேறத் தக்கவற்றுக்கு மட்டும் இங்கே விடை தரப்படுகிறது. நகையை அடகு வைத்து இவற்றை வாங்கலாமா என்று கேட்ட அன்பருக்குத் தனியே தபாலில் எழுதியிருக்கிறேன்.

ஆர்.எஸ்.புரம் வாசகி: எங்க வீட்டுக்காரருக்கு வயசு 46ங்க. ஷோகேஸ் பூராவும் லெகோ டைனோசர்தான். பெத்த பையன் தொட்டாக்கூடச் சத்தம் போடறாருங்க. இதுக்கு ஏதாச்சும் வைத்தியம் இருக்குதுங்களா?

அம்மணி, இதை வியாதி என்று தீர்மானிக்கும் முன்னர், அந்தப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பதைச் சற்று வாசித்துப் பார்க்க வேண்டுகிறேன். 1932இல் பில்லுண்டு என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் தொடங்கிய அந்தப் பட்டறை, நெடுங்காலம் குழந்தைகளையே எஜமானர்களாகக் கொண்டு பிழைத்து வந்து, அக்குழந்தைகளின் தகப்பன்மாருக்கும் அதே ஆசை உண்டு என்பதோடு அவர்களிடம் கூடுதலாக ஒரு பணப்பையும் உண்டு என்ற பரம ரகசியத்தைப் பிற்பாடு கண்டுகொண்டது. அதன் பலனாக, 2019இல் ஜுராஸிக் பார்க்கின் பெருவாயிலும் அதன் முன் நிற்கும் டி-ரெக்ஸும் 3,120 துண்டுகளாக வெளிவந்தன. 2025இல் அதே பிராணியின் எலும்புக்கூடு மாத்திரம் 3,145 துண்டுகளில், சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னதன் பெட்டியில் 18 வயது நிரம்பியவர்களுக்கு என்று குறித்தே விட்டார்கள். ஆகவே சாஸ்திரப்படி தங்கள் புதல்வன் அதைத் தொடுவதற்கு அதிகாரமற்றவன். தாங்களோ பூரண அதிகாரமுள்ளவர். பரண்மேல் பெயர் வெட்டி அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் அண்டாக்களில் இதுவரை எத்தனை அண்டாவில் தண்ணீராவது ஊற்றினாய் என்று அவர் திருப்பிக் கேளாதிருக்கும் வரையில், வாதத்தில் ஜெயம் தங்கள் பக்கமே.

பீளமேடு வாசகர்: மூணு தலைமுறையா பவுண்டரி வச்சிருக்கறோமுங்க. மோட்டார், பம்ப்பு, கிரைண்டர் எல்லாம் நம்ம ஊர்லயே பண்றோம். ஒரு பிளாஸ்டிக் பல்லிக்கு இத்தனை வெலை எதுக்குங்க? நாமளே மோல்டு போட்டா ஆகாதுங்களா?

தாராளமாக ஆகும். இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937இல் செய்தோம் என்று பெருமை பேசும் ஊருக்கு ஒரு பல்லியின் தாடை பெரிதல்ல. ஆனால் அந்தத் தாடையின் விசேஷத்தைத் தங்களைப் போன்ற தொழில் அறிந்தவரே உணர முடியும். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்துக் கட்டையும் இன்று காலை அச்சிலிருந்து விழுந்த கட்டையும் ஒன்றையொன்று இறுகக் கவ்வ வேண்டும், குழந்தை இழுத்தால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருப்பதால், அங்கே மோல்டில் அனுமதிக்கப்படும் பிழை ஒரு தலைமயிரின் தடிமனைக் காட்டிலும் குறைவு. 1963 முதற்கொண்டு ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கையே அவர்கள் பிரதானமாக உபயோகித்து வருகிறார்கள். பெரிய ஊனுண்ணிகளுக்குத் தலை வேறு, தாடை வேறு, கை கால் வால் வேறு என்று தனித்தனியே மோல்டு. இத்தனையும் போதாதென்று, மேலே ஓர் ஆளையோ சேணத்தையோ பொருத்துவதற்கு முதுகில் குமிழ்கள் வேறு. இந்தக் குமிழ் வைத்த முதுகுதான், என் அபிப்பிராயத்தில், சிருஷ்டிகர்த்தா கவனிக்கத் தவறிய அம்சம்.

விலைக்கு மற்றொரு காரணம் பில்லுண்டில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. பொம்மைகளின் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழில் செழிக்க வேண்டும் என்ற நோக்கத்தைத் தாங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள். தங்கள் பேரனைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. இது தவிர, படமெடுத்த யுனிவர்சல் கம்பெனிக்கு, படத்தின் பெயரையும் முத்திரையையும் உபயோகிப்பதற்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அதைச் செலுத்தாமல் வார்த்த பிராணிகள் கடைவீதிகளில் பாலிதீன் பைகளில் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். கட்டையின் குமிழ் ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பதே அசலை நகலிலிருந்து பிரித்தறியும் எளிய மார்க்கம்.

பெருந்துறை வாசகர்: கம்பெனி நிறுத்திப்போட்ட பழைய பெட்டியெல்லாம் வெலை ஏறுதுன்னு சொல்றாங்க. பிரிக்காம வாங்கிப் போட்டு வச்சா முதலீடு ஆகுமுங்களா?

மாஸ்கோவைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையிலான லெகோ பெட்டிகளின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம் லாபம் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். சராசரி என்ற சொல்லுக்குள் ஏறியதும் இறங்கியதும் ஒருங்கே அடங்கிக் கிடக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆயினும் இந்தக் கேள்வி பெருந்துறையிலிருந்து வந்திருப்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. பறவைகள் யாவும் டி-ரெக்ஸ் வகையறாவின் பங்காளிகளே, அதாவது இன்றும் உயிரோடு உலவும் டைனோசர்களே என்பது இப்போது விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியானால், ஆறடி உயரமும் மூன்று விரலும் முறைத்த பார்வையும் கொண்ட ஈமு கோழியைக் குஞ்சாக வாங்கி, தோட்டத்தில் கொட்டகை போட்டு, மாதாமாதம் பணம் வரும் என்ற வாக்கை நம்பி, சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் புன்னகைப்பதைப் பிரமாணமாகக் கொண்டு, லட்சக்கணக்கில் முதல் போட்ட கொங்கு நாடு, டைனோசரில் முதலீடு செய்வதில் உலகத்துக்கே முன்னோடி ஆகிறது! 2012 ஆகஸ்டில் அந்தத் திட்டம் எப்படி மோசடியாக முடிந்தது என்பதையும், தீனியின்றி நின்ற பறவைகளுக்கு அரசாங்கம் இரை போட நேர்ந்ததையும் தங்கள் ஊரில் எந்த டீக்கடையிலும் விவரமாகச் சொல்லுவார்கள். லெகோ டைனோசர் விலை ஏறாவிட்டாலும் தீனி கேட்காது. அந்த மட்டில் அது உத்தமமான முதலீடு.

மேட்டுப்பாளையம் மாணவர்: படத்தில் வருகிற வெலாசிராப்டர் உண்மையிலேயே ஆள் உயரம் இருக்குமா?

இராது, தம்பி. மங்கோலியப் பாலைவனத்தில் கிடைத்து 1924இல் பெயரிடப்பட்ட அசல் பிராணி, வாலையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மீட்டர். எடையில் ஒரு வான்கோழி. அதன் முன்கை எலும்பில் சிறகு முளைத்த புடைப்புகளை 2007இல் கண்டறிந்துவிட்டார்கள். சினிமாக்காரர்கள் அதன் பெரிய உறவினரான டைனோனிகஸின் உருவத்தை எடுத்துக்கொண்டு இதன் பெயரைச் சூட்டினார்கள். லெகோவும் படத்தையே பின்பற்றி இறகில்லாமல் வார்த்துவிட்டது. அசல் எப்படியிருந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால், பொங்கல் சமயத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் சேவற்கட்டுக்கு வரும் சேவல் ஒன்றை மனத்தால் மூன்று பங்கு பெரிதாக்கி, நீண்ட வாலும் பல்லும் சேர்த்துக்கொள். கத்தி கட்ட வேண்டிய அவசியம் மட்டும் இல்லை. கால்விரலில் அதுவே முளைத்திருந்தது.

பல்லடம் வாசகர்: தோட்டத்துல போர் 1,200 அடி போயாச்சுங்க, சொட்டுத் தண்ணி இல்லை. டைனோசர் எலும்பாவது வருமுங்களா?

வராது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கொங்கு நாட்டின் அடிப்பாறை, பூமியின் வயிற்றுக்குள்ளே வெந்தும் நசுங்கியும் மறுபடி படிகமாகியும் உருவான பழம்பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு இப்பால் வந்ததல்ல, பெரும்பகுதி அதற்கும் வெகுகாலம் முந்தியது. டைனோசர்களோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய நேற்றைய பிள்ளைகள். எலும்பு தங்குவதற்கு அவற்றின் காலத்து வண்டல் வேண்டும். அந்த வண்டல் இங்கே இல்லை. தாங்கள் இன்னும் ஆயிரம் அடி இறக்கினாலும் மேலும் பழைய பாறைதான் வருமேயன்றிப் பல்லி வராது.

எலும்பு வேண்டுமானால் காவேரியோடு கிழக்கே போக வேண்டும். அரியலூர்ச் சீமையில் அக்காலத்துக் கடலும் கரையும் விட்டுச் சென்ற படிவுகள் இன்றும் சிமெண்டாகிக் கொண்டிருக்கின்றன. அங்கே கல்லமேடு என்ற கிராமத்தருகே கிடைத்த எலும்புகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ஆராய்ந்து, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முற்பட்ட அந்தப் பிராணிக்கு 1987இல் பிருஹத்காயோசாரஸ் என்று நாமகரணம் செய்தார்கள். அதன் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு ஒன்று மாத்திரம் சுமார் இரண்டு மீட்டர் நீளம். முதலில் அதை மாமிச பட்சணி என்று எண்ணினார்கள். பின்னால் வந்தவர்கள், இது நீள்கழுத்துத் தாவர பட்சணி என்றார்கள். பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பது பிரசித்தமாகையால், இதுவும் எலும்பல்ல, மரமே என்று சாதித்தவர்களும் உண்டு. 2023இல் இருவர் கணக்கிட்டுப் பார்த்து, 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். அது மெய்யானால், தரையில் நடந்தவற்றுள் இதற்கு மிஞ்சிய ஜீவன் இல்லை.

இதில் துயரம் என்னவென்றால், போய்ப் பார்க்க அந்த எலும்பு இல்லை. களிமண்ணில் ஊறி, மழையிலும் வெயிலிலும் வெடித்து, தொட்டால் உதிரும் பக்குவத்தில் கிடைத்த அது, பாதுகாத்து வைப்பதற்குள் பொடிப்பொடியாகிவிட்டது. கோட்டுச் சித்திரங்களும், 2022இல் வெளிவந்த சில புகைப்படங்களுமே மிச்சம். கண்டெடுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கையிலிருந்த வசதி அவ்வளவு. ஆனால் ஆர்.எஸ்.புரத்து அம்மணியின் கணவர், ஒரு சாண் பிளாஸ்டிக் பிராணிக்கு வெயில் பட்டால் நிறம் மங்கும் என்று திரையும், தூசு படும் என்று கண்ணாடியும், ஈரம் தாக்கும் என்று சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்துக் காவல் காக்கிறார் என்று கேள்விப்படும்போது, அந்தச் சிரத்தையில் வீசம் பங்கு உரிய வருஷத்தில் கல்லமேட்டுக்கு வாய்த்திருக்கலாகாதா என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. நாமோ எலும்பு போன பின்பு முட்டை தேடுகிறோம். 2020இல் பெரம்பலூர் குன்னத்தருகே உருண்டை உருண்டையாக அகப்பட்டவற்றை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. அவை ஓடுடைய கடற்பிராணிகளைச் சுற்றி மண் திரண்டு கல்லானவை என்று நிபுணர்கள் வந்து சொன்னதும் கூட்டம் கலைந்தது.

கோவை இராமநாதபுரம் வாசகர்: நம்ம சின்னப்பா தேவர் இருந்து, அவர் கையில ஒரு டைனோசர் கிடைச்சிருந்தா?

1993இல் வந்த ஜுராஸிக் பார்க், 127 நிமிஷப் படம்; அதில் டைனோசர்கள் தலைகாட்டுவது சுமார் 15 நிமிஷம். தங்கள் பேட்டைக்காரரான படத்தயாரிப்பாளர் தேவரிடம் இந்தக் கஞ்சத்தனம் செல்லாது. 'நல்ல நேரம்' படத்தில் யானைகளுக்கும், 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஓர் ஆட்டுக்கும் கதாநாயகனுக்குச் சமதையான ஸ்தானம் கொடுத்த மனிதர், டி-ரெக்ஸை வேலிக்குப் பின்னால் நிறுத்தி உறும மட்டுமா விட்டிருப்பார்? அது முதல் ரீலில் குழந்தையைத் தொட்டிலாட்டி, இடைவேளைக்கு முன் வில்லனின் ஜீப்பை மறித்து, கடைசியில் மருதமலைப் படிக்கட்டில் முருகன் சந்நிதி மணியை வாயால் அடித்திருக்கும். லெகோ கம்பெனியாரும் கோயில் மணிக்குத் தனியே ஒரு மோல்டு வெட்டியிருப்பார்கள்.

திருப்பூர் வாசகர்: அந்தப் பெட்டிகளில் நம் நாட்டு மனிதர் யாராவது உண்டா?

உண்டு. 2015இல் வந்த ஜுராஸிக் வேர்ல்டு படத்தில் இர்ஃபான் கான் ஏற்ற சைமன் மஸ்ரானி என்ற முதலாளி, சுமார் நாலு சென்டிமீட்டர் உயரத்தில் வந்திருக்கிறார். படத்தில் ஹெலிகாப்டரோடு போய்விட்டவர், பெட்டியில் நிரந்தரமாகப் பிழைத்திருக்கிறார்.

ஈரோடு வாசகி: பேரன் அவனோட டைனோசரை நவராத்திரிக் கொலுவுல வைக்கோணும்னு அடம் பிடிக்கறானுங்க. வைக்கலாமுங்களா?

வைக்கலாம். ஓரறிவு முதல் மேலேறிச் செல்லும் படிக்கட்டில் அதற்கு இடமில்லையென்று எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. தசாவதார வரிசையில் நுழைய வேண்டுமென்று பேரன் வாதாடினால், கூர்மத்துக்கும் வராகத்துக்கும் நடுவில் விடுங்கள், காலக்கிரமமும் பிசகாது. செட்டியார் கடைப் பக்கம் மட்டும் வேண்டாம். அந்தத் தாடை திறந்து மூடக்கூடியது, செட்டியாரோ களிமண்.

சிங்காநல்லூர் வாசகர்: என் டி-ரெக்ஸின் முன்கை ஒன்று காணாமல் போய்விட்டது. தனியாகக் கிடைக்குமா?

உதிரித் துண்டுகளை மட்டுமே விற்றுப் பிழைக்கும் வியாபாரிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். கிடைக்கும், தபால் செலவு கையின் விலையைப் போலப் பன்மடங்கு ஆகும். அசல் பிராணிக்கே 12 மீட்டர் உடம்பில் ஒரு மீட்டர் கைதான். அது எதற்குப் பயன்பட்டது என்று இன்னும் தர்க்கம் நடக்கிறது. எனவே பணம் அனுப்புவதற்கு முன்னால் வீடு பெருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முறத்தில் கண்ணில் பட்டிருக்கும்; பல்லி விட்டுப் போனது என்று ஜன்னல் வழியே வீசியிருப்பார்.