செடி யார் கையில இருக்கு?

வாய்யா ராசா, உக்காரு. சுவரு முழுக்க மஞ்சத் தாளும் பச்சைத் தாளுமா ஒட்டி வச்சிருக்கியே, வெள்ளையடிச்ச கூலிய யாரு குடுக்கா? முதல் அங்கம், ரெண்டாம் அங்கம், மிட் பாயிண்ட், கிளைமாக்ஸ்னு அம்புக்குறி வேற. 'வால்-ஈ' படத்த அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுட்டேன் தாத்தான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கே. நல்லது. பிரிச்சதத் திரும்ப மாட்டிப் பாத்தியா, ஓடுதா?

நான் என்னத்தக் கண்டேன். கதை எழுதக் காசு கட்டிப் படிச்சவன் நீ, ஓசியிலேயே கதை கேட்டு வளந்தவன் நான். ஆனாலும் நீ லேப்டாப்ப மூடாமத் தூங்குன ராத்திரியில நானும் அந்தப் படத்தப் பாத்துட்டேன். இங்கிலீசு புரியாதேன்னு பயந்தேன். பாத்தா, முதல் முப்பது நிமிசம் மெஷினு ரெண்டும் ஒண்ண ஒண்ணு பேரச் சொல்லிக் கூப்பிடுததோட சரி. என்னைய மாதிரி ஆளுக்குன்னே எடுத்த படம்.

அதுல நீ 49ஆவது நிமிசத்துல கோடு கிழிச்சு, இங்கதான் கதை திரும்புதுன்னு எழுதியிருக்கே. 98 நிமிசப் படத்த ரெண்டால வகுத்துட்டியோ? கணக்கு வாத்தியாரு பாத்தா உச்சி மோந்திருப்பாரு. பக்கத்துலேயே இடைவேளைன்னும் போட்டிருக்கே பாரு, அதுதான் சிரிப்பு. அமெரிக்காக்காரன் 2008ல அத எடுத்தப்ப நம்ம தியேட்டர்ல முறுக்கு விக்கணுமேன்னு யோசிச்சு எடுக்கல அப்பு.

அந்தச் சவத்தையெல்லாம் கிழி. ஒரே ஒரு தாள் போதும். அதுல எழுது: செடி யார் கையில இருக்கு? கல்யாண வீட்டுக்குள்ள போனா மாப்பிள்ளையத் தேடாத, சாவிக்கொத்து யாரு இடுப்புல இருக்குன்னு பாரு, நடப்பு பூராவும் விளங்கிரும்னு உங்க ஆச்சி சொல்லுவா. இந்தப் படத்துக்குச் சாவிக்கொத்து அந்த அரைச் சாண் செடி.

ஆரம்பத்துல இருந்து வா. பூமி குப்பையாக் கெடக்கு. பை என் லார்ஜ்னு ஒரே கம்பெனி, எல்லாத்தையும் வித்து எல்லாத்தையும் குப்பையாக்கி, சனங்கள ஆக்சியம்னு ஒரு கப்பல்ல ஏத்தி, அஞ்சு வருசம் சுத்திட்டு வாங்க, அதுக்குள்ள பெருக்கி வைக்கோம்னு அனுப்பிருச்சு. போன சனம் 700 வருசமாத் திரும்பல. பெருக்க விட்ட மெஷின்ல மிச்சம் ஒண்ணே ஒண்ணு, அதுதான் நம்மாளு. இத எவனும் உக்காந்து கதையாச் சொல்லல பாத்தியா. பழைய விளம்பரப் பலகையிலயும் பேப்பர்லயும் கெடக்கு, நீயாப் பொறுக்கிக்கோன்னு விட்டுட்டான். பாக்கவனுக்கு நாலுன்னு குடுக்காத, ரெண்டையும் ரெண்டையும் குடு, அவனாக் கூட்டிக்கிடட்டும்னு இயக்குநரு ஆண்ட்ரூ ஸ்டாண்டன் ஒரு மேடையில சொன்னாரு. நீயும் அதக் கேட்டிருப்பே. உன் கதையில நாலையும் குடுத்து, அதுக்கு ரசீதும் போட்டுக் குடுக்கே.

குப்பையில அவனுக்கு ஒரு வைர மோதிரம் கெடைக்கு. மோதிரத்த வீசிட்டு டப்பாவ எடுத்து வச்சுக்கிடுதான். உன் தாள்ல அதுக்குப் பேரு 'காமெடி'. அட கோட்டிக்காரா, அதுதான் அஸ்திவாரம். இவனுக்குச் சந்தை விலை தெரியாதுன்னு அங்கனயே சொல்லி வச்சுட்டான். கொஞ்ச நேரத்துல பழைய பிரிட்ஜுக்குள்ள ஒரு செடியப் பாக்கான், ஒரு பூட்சுக்குள்ள மண்ணோட வச்சு வீட்டுக்குக் கொண்டு போறான். பூமியிலேயே விலை கூடுன சாமான் விலை தெரியாதவன் கையில வந்துருச்சு, அதத் தேடுதவ இன்னும் வந்து எறங்கவே இல்ல! நீயா இருந்தா அவ எறங்கி, எனக்கொரு செடி வேணும்னு அழுது, பெறகுதான அவன் தேடக் கெளம்புவான்? ரெண்டு பாட்டு கூடச் செலவாயிருக்கும்.

செடி தேட அந்தக் கப்பல்காரங்க அனுப்புன மெஷினு ஈவா வாரா. அசையுதது எல்லாத்தையும் சுடுதா. புழுதிப் புயல் அடிக்கவும் இவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேத்து வச்ச சாமான ஒவ்வொண்ணாக் காட்டுதான், கடைசியா அந்தச் செடிய நீட்டுதான். அவ அத வயித்துக்குள்ள இழுத்துப் பூட்டிக்கிட்டு அப்படியே அணைஞ்சு போறா. அவளுக்குச் சொல்லி விட்ட சோலி அதுதான்: செடி கெடைச்சா வாங்கு, வாயை மூடு, கப்பல் வந்து தூக்கிட்டுப் போகும். ஆசையாக் குடுத்த பொருளே ஆளப் பிரிச்சிருச்சு. இதுக்கு மேல ஒரு வில்லன் எதுக்குய்யா?

அவ அணைஞ்சு கெடக்கையில மழைக்குக் கொடை பிடிக்கான், இடிய இவன் வாங்கிக்கிடுதான், கலர் பல்பு மாலையச் சுத்திக் கட்டி இழுத்துட்டுப் போய்ப் படகுல உக்கார வைக்கான். இந்த இடத்துக்கு நேரா நீ எழுதியிருக்கது: 'லவ் சீன், நீளம், வெட்டலாம்.' வெட்டித்தான் பாரேன். கப்பலுக்குப் போன பெறகு கேப்டன் ரூம்புல அவ கண்ணு பதிஞ்சு வச்ச படம் ஓடுதே, அதுல கொடை வருது, படகு வருது, அவளுக்கே தெரியாம அவளப் பாத்துக்கிட்ட ஒருத்தன் வாரான். அங்கனதான் அவ மனசு பெரளுது. ஒரு வார்த்தை பேசல. மொதல்ல நீ வெட்டியிருந்தா இங்க அவ எதப் பாத்து மாறுவா? ஒரு பாட்டப் போட்டு மாத்துவியோ?

கப்பல்ல செடி படுத பாட்ட வெருசாச் சொல்லிருதேன். ஈவா வயித்துல இருந்து காணாமப் போகுது. எடுத்தது ஆட்டோங்குத சுக்கானோட எடுபிடி. வெடிக்கப் போற சின்னக் கப்பல்ல வச்சு வெளிய தள்ளி விடுதான், நம்மாளு உள்ள போய் மீட்டு நெஞ்சுக்குள்ள மறைச்சுக் கொண்டாரான். கேப்டன் கைக்குப் போகுது, ஆட்டோவும் எடுபிடியும் சேந்து அதக் குப்பைக் குழாய்ல எறிய வைக்காங்க. அந்த ஆட்டோ கெட்டவனான்னு கேட்டா, இல்ல. பூமிக்குத் திரும்பாதேன்னு மேலிடத்துல இருந்து என்னைக்கோ வந்த ஏ113ங்குத உத்தரவ அட்சரம் பிசகாமக் காப்பாத்துதான், அவ்வளவுதான். போட்டவன் செத்து எலும்பு கூட மிஞ்சல, உத்தரவு மட்டும் உசுரோட இருக்கு. நம்ம தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு வந்தவனுக்கு இந்த வில்லன வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஏ113ன்னா என்னன்னு கேட்டியே, கலிபோர்னியாவுல அந்தப் படக்காரங்க கொள்ளப் பேரு படிச்ச வகுப்பறை நம்பர். பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. நீ உன் படத்துல உன் ஆஸ்டல் ரூம் நம்பரப் போடு, வேண்டாங்கல. ஆனா படம்னு ஒண்ணு இருக்கணும்.

இப்ப குப்பைக் கெடங்குக்கு வா. நீ அதச் 'சண்டைக்குப் பிறகு சோகம்'னு ஒரே வரியில தள்ளிட்டே. நான் கேட்டா, கதையோட முடிச்சு அதுதான். அதுவரைக்கும் ரெண்டு கயிறு தனித்தனியா ஓடுது. ஒண்ணு செடி, அது ஈவாவோட சோலி. இன்னொண்ணு கை. 'ஹலோ, டாலி!'ன்னு 1969ல வந்த பாட்டுப் படத்துல ரெண்டு பேரு கையக் கோத்துக்கிடுதத டேப்புல பாத்துப் பாத்து, தானும் ஒருத்தி கையப் பிடிக்கணும்னு நம்மாளுக்கு ஒரே ஏக்கம். குப்பைக் கெடங்குல ஆட்டோ அடிச்ச அடியில நம்மாளு நெஞ்சுச் சில்லு கருகிக் கெடக்கான். ஈவா சொன்ன சோலிய மறந்து செடிய அந்தாண்ட வீசுதா. அவதான் வீசுதா, பாத்துக்கோ. இவன் தட்டுத் தடுமாறிப் போய்ச் செடிய எடுத்துட்டு வந்து திரும்ப நீட்டுதான். செடி கப்பல்ல இருக்க கருவிக்குள்ள போனா கப்பல் பூமிக்குப் போகும். பூமியில இவன் வீட்டுல மாத்துச் சாமான் கெடக்கு. இவன் உசுரும் அவ சோலியும் அங்கனதான் ஒரே கயிறாகுது. முன்னால பழைய மெஷின்ல இருந்து சக்கரப் பட்டையக் கழத்தி மாட்டிக்கிட்டான்ல, சும்மாவா காட்டுனான்?

இத அவுகளும் ஒரே மூச்சுல எழுதிரல. முதல்ல அடிபட்டது ஈவா, சரி பண்ணுனது வால்-ஈன்னுதான் அந்த இடம் இருந்திருக்கு. பெறகு மாத்திட்டாங்க. மாத்துனதுதான் சரி. அவன் ஏற்கெனவே அவளுக்காக எல்லாம் செஞ்சு முடிச்சவன், இன்னொருக்கா செஞ்சா என்ன புதுசு? அவ செய்யணும். கப்பல்ல இருக்க குண்டுச் சனம் கூட முதல்ல மனுசனே இல்லையாம், கொழகொழன்னு ஏதோ வேத்துக் கெரகத்து ஜீவனுகளாம். வரஞ்சதத் தூக்கிப் போட்டவனுக்குத்தான் இந்தப் படம் வாய்ச்சிருக்கு. உனக்கு ஒரு மஞ்சத் தாளப் பிச்சா உசுரு போகுது.

படத்துல கொறையே இல்லையான்னா, இருக்கு. கப்பலுக்குள்ள தொரத்துதான் தொரத்துதான், தொரத்திக்கிட்டே இருக்கான். கிறுக்குப் பிடிச்ச மெஷினுக கூட்டமா வெளிய வந்து ரகளை பண்ணுதப்ப நான் ஒரு வெத்தலை போட்டுட்டு வந்தேன், ஒண்ணும் விட்டுப் போகல. பூமி பத்தின படங்கள ஒரு ராத்திரி பாத்துட்டு கேப்டன் தலைகீழா மாறுதது கொஞ்சம் வெருசு. ஆனா அந்த மனுசன் காலூன்றி எந்திரிச்சு நிக்குத எடத்துல, '2001' விண்வெளிப் படத்துல வந்த இசையப் போட்டான் பாரு, நக்கலு. அந்த 1968 படத்துல இருந்த செவப்புக் கண்ணு மெஷினுக்குத் தம்பிதான் இந்த ஆட்டோ.

கடைசிக்கு வா. செடிய ஏத்துக்கிடுத கருவி கீழ எறங்கிராம நம்மாளு முட்டுக் குடுத்து நசுங்குதான். செடி மனுசன் கை, மெஷின் கைன்னு மாறி மாறி ஈவா கைக்கு வருது, உள்ள போகுது, கப்பல் பூமிக்குத் தாவுது. செடிக் கயிறு அங்க முடிஞ்சிருச்சு, படம் முடியல, ஏன்? கை இன்னும் பாக்கி. அவ மாத்துச் சாமான் எல்லாம் போட்டு எழுப்புதா, அவனுக்கு அவளையே தெரியல, அவன் பாட்டுக்குக் குப்பைய அமுக்குதான். கையப் பிடிச்சு நெத்தியில ஒரு பொறி தட்டவும் நெனவு வருது. சினிமா வித்தைன்னு நீ முகம் சுளிக்கே. நானும் கொஞ்சம் சுளிச்சேன். ஆனா அந்தப் பொறிய ஆகாசத்துல ஆடுதப்பவே காட்டி வச்சிருந்தான், அதனால விட்டுட்டேன்.

எனக்கு வந்த சந்தேகம் வேற. ஒத்தச் செடிய நம்பி அத்தனை சனம் எறங்குதே, நாளைக்கு எதத் திங்கும்? கேப்டன் பிள்ளைகளுக்குக் கிணறு வெட்டிப் பாத்தி கட்டவா சொல்லிக் குடுக்காரு, பீட்சா செடியும் வளப்போம்ங்காரு! நல்ல சம்சாரி. ஆனா பெயர் ஓடுத நேரத்துல எந்திரிச்சுப் போகாம இருந்தா தெரியும். குகைச் சித்திரத்துல இருந்து வான் கோ வரைஞ்ச மாதிரி வரைக்கும் ஒவ்வொரு காலத்து ஓவியமா உழுதாங்க, கிணறு தோண்டுதாங்க, மீன் பிடிக்காங்க. நீ அந்த எடத்துல லேப்டாப்ப அமத்திட்டே, கதையில பாதி விதைப்பு அங்கதான் நடக்கு.

சரி, இப்ப உன் கதைய எடு. உன் ஆளும் சந்திரனுக்குப் போறான், ராக்கெட்டு இருக்கு, கூட்டாளி இருக்கான், பிளாஷ்பேக்குல அம்மா இருக்கா. அவன் கையில என்ன இருக்கு? தேடிப் பாத்தேன், ஒரு போன் இருக்கு. அதையும் ரெண்டாம் சீன்ல சார்ஜுல போட்டான். கடைசிப் பக்கம் வரைக்கும் எடுக்கவே இல்லையேய்யா. போ, போய் அந்தப் போன எவன் எடுத்தான்னு எழுதிட்டு வா. போற வழியில ஆச்சிகிட்ட எனக்கு ஒரு காப்பி சொல்லு, சீனி போட வேண்டாம்னு சொல்லாத.