பின்பாரம் பாத்துக்க கண்ணு

ஏங்கண்ணு, ஓட்டல்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்க 200 டாலர் கேக்கறான், இது அடுக்குமான்னு கேட்டே. அந்த 200-ஐ மிச்சம் புடிக்கறதுக்கு, கார் பின்னால இழுத்துட்டுப் போயிப் படுத்துக்கற பொட்டி ஒண்ணு கட்டறேன்னு ஒட்டுப்பலகையும் திருகாணியும் சக்கரமுமா 3,000 டாலருக்கு வாங்கி காரேஜ் பூராப் பரப்பி வெச்சிருக்கறே. உங்கப்பா, என்ற மாப்பிள்ளை, கணக்குல புலின்னு நம்பித்தான் பொண்ணு குடுத்தேன். அவருக்கே இந்தக் கணக்கு வந்ததில்லை சாமி.

கட்டு. நான் வேண்டாங்கல. இந்தக் கலிபோர்னியா ஃப்ரீமாண்ட்டுல எனக்கும்தான் என்ன வேலை? காரேஜ் மூலைல நாற்காலி போட்டு உக்காந்து, நீ அளந்தும் அளக்காமயும் பலகையை அறுக்கறதைப் பாத்துட்டு இருந்தா பொழுது போயிருது. கேட்டா ஒண்ணு ரெண்டு சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லுவேன், விசா ஆறு மாசத்துக்கு இருக்குது.

இது உன்ற மூளைல உதிச்சதுன்னு மட்டும் அம்மிணிகிட்டப் பீத்திக்காதே. இந்த ஊர்க்காரங்க 1930-கள்லயே இப்படிப் பொட்டி கட்டி இழுத்திருக்கறாங்க. முன்னால உருண்டை, பின்னால சரிவு, டியர்டிராப்னு பேரு. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு பட்டாளத்துக்காரங்க ஊடு திரும்புனப்போ கைல காசு கம்மி, ஊர் சுத்தற ஆசை எச்சு. 1947-ல மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்ங்கற பத்திரிகை அளவெல்லாம் போட்டு வரைபடமே அச்சடிச்சுப்போட்டுது. பாத்தவன் தன்ற கொட்டாய்லயே கட்டிக்கிட்டான். உள்ள படுக்கை, பின்பக்கக் கதவைத் தூக்கி நிறுத்துனா வெளிய சமையக்கட்டு, அவ்வளவுதான். அவனுக்கு யூடியூப் இல்லை, அதனால வேலை சீக்கிரம் முடிஞ்சுது. நீ ஒரு கீல் மாட்டறதுக்கு நாலு வீடியோ பாக்கறே. நாலு பேரும் நாலு விதமாச் சொல்றாங்க. அஞ்சாவதா ஒருத்தன் கீலே வேண்டாங்கறான். அவன் பேச்சுத்தான் உனக்குப் புடிச்சுப் போகுது.

பொட்டி 4 அடி அகலம், 8 அடி நீளம்னு வெச்சிருக்கறே. கடைல ஒட்டுப்பலகை 4-க்கு 8 அடியாத்தான் வருது, போல்ட்டு போட்டு முடுக்கற சின்ன ட்ரெய்லர் கிட்டும் அதே அளவுல கெடைக்குது. அறுத்து வீசறது கம்மி. ஆனா உள்ள படுக்கப் போறது பலகை இல்லையே, நீயும் அம்மிணியுமல்ல? இங்க டபுள் மெத்தைன்னு விக்கறதே 54 இஞ்சு. உன்ற பொட்டிக்கு வெளியளவே 48 இஞ்சு, அதுல ரெண்டு பக்கச் சுவத்துக் கனம் வேற போகுது. போதும்ங்கறது உன்ற எண்ணம், அம்மிணியைக் கேட்டயா? தரைல சாக்பீஸால கோடு போட்டு ரெண்டு பேரும் ஒருக்காப் படுத்துப் பாருங்க. உள்ளளவு 5 அடி வெச்சா குயின் மெத்தை செரியாப் புடிக்கும். ஆனா கூரைப் பலகைல ஒட்டு வந்துரும், ஒட்டு வந்த எடத்துலதான் மழையும் வரும். நடுராத்திரில சண்டையா ஒழுக்கா, எது சௌகரியமோ நீயே முடிவு பண்ணிக்க.

அச்சை எங்க வெக்கப்போறேன்னு நேத்துக் கேட்டேன். "நட்டநடுவுல அப்புச்சி, அப்பத்தான் சமமா இருக்கும்"னு சொன்னே பாரு, எனக்குக் காப்பி பொரையேறிப் போச்சு. நான் வண்டி ஓட்டுன காலத்துல நீ பாரம் ஏத்த வந்திருந்தா வெள்ளகோவில் சந்தையே கூடி நின்னு சிரிச்சிருக்கும். ரெட்டைச் சக்கர வண்டில பாரம் பின்னால சாஞ்சா நுகத்தடி மேல எந்திரிக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும், மாடு முழி பிதுங்கி நின்னுக்கும். முன்பாரம் எச்சாப் போனாலும் கழுத்துத் தோலு உரிஞ்சு போகும். அதனால மூட்டை ஏத்துன பொறவு நுகத்தடியை ஒருக்காக் கைல தூக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டைப் பூட்டுவோம். கொஞ்சம் கனக்கோணும், ரொம்பக் கனக்கப்படாது. காங்கேயம் காளைக்கு வாயில்லைன்னாலும் பாரம் தப்புனா நடக்க மாட்டேன்னு நின்னு சொல்லிரும். உன்ற கார் அப்படிச் சொல்லாது. ஹைவேல வேகம் புடிச்ச பொறவு பொட்டி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் காரோட பின்பக்கத்தைப் புடிச்சு இழுக்கும். நீ பயந்து போயி பிரேக்கை அமுத்துவே. அது இன்னும் கொஞ்சம் ஆடிக் காட்டும்.

இந்த ஊர்ல இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கறாங்க. மொத்த எடைல நூத்துக்கு 10-ல இருந்து 15 பங்கு கொக்கி மேல உக்காரோணும். பொட்டி சாமானோட 1,200 பவுண்டுன்னா கொக்கில 120-ல இருந்து 180 பவுண்டு. அதுக்கு அச்சு நடுவுல இருந்து சித்த பின்னால போயாகோணும். அளக்கறதுக்குப் புதுசா மிஷின் எதுவும் வாங்கித் தொலைக்காதே. அம்மிணி குளியலறைல வெச்சிருக்கற எடை மிஷின் போதும். ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு குடுத்துட்டு, கார்ல மாட்டற உசரம் வார மாதிரி மிஷின் மேல ஒரு கட்டையை நிறுத்தி, ட்ரெய்லர் மூக்கை மெதுவா அது மேல எறக்கு. அந்த மிஷின் தப்பாவே காட்டுதுன்னு அம்மிணி சொல்லிட்டிருந்துச்சு. உன்ற பொட்டிக்காவது நெசத்தைச் சொல்லுதான்னு பாப்போம்.

வெறும் பொட்டியை எடை போட்டுட்டுக் குதிச்சராதே. இந்த வண்டில கெரகமே சமையக்கட்டு பின்னால இருக்கறதுதான். தண்ணிக் கேன், ஐஸ்பொட்டி, அரிசி, அடுப்பு, இட்லிச் சட்டி இல்லாம வரமாட்டேங்கற அம்மிணியோட இட்லிச் சட்டி, எல்லாமே பின்பாரம். ஒரு கேலன் தண்ணியே 8 பவுண்டுக்கு மேல வருது. 5 கேலனைக் கொண்டு போயிப் பின்மூலைல வெச்சயின்னா, அளந்து வெச்ச கணக்கெல்லாம் தண்ணியோட போச்சு. பேட்டரியையும் தண்ணியையும் மூக்குப் பக்கம் கொண்டா. எல்லாச் சாமானும் ஏத்துன பொறவு மறுக்கா எடை போடு. மொத்த எடைக்கு லாரிக்காரங்க நிறுத்தற எடத்துல தராசு இருக்குது, சில்லறைக் காசுல சீட்டுக் குடுப்பாங்க.

பக்கச் சுவத்துக்கு முக்கால் இஞ்சுப் பலகை எதுக்கு கண்ணு? பாலமா கட்டறே? அதுல ஒரு முழுப்பலகையே 60 பவுண்டுக்கு மேல வருது. மெல்லிசாப் பாத்து எடு. கூரைக்கு வளையற 3 மில்லிமீட்டர் பலகையை ரெண்டு அடுக்கா ஒட்டு. கலிபோர்னியாக் கணக்குல மத்த ட்ரெய்லருக்கு 3,000 பவுண்டு வரைக்கும் விட்டுடறாங்க, உள்ள படுக்கற கேம்ப் ட்ரெய்லர்னா 1,500 தொட்டாலே அதுக்குத் தனியா பிரேக் வேணும். அந்தச் செலவு உன்ற 3,000 டாலர் கணக்குல எங்க எழுதியிருக்கறே, காட்டு பாப்போம்.

மழை விசயத்துக்கு வாரேன். பலகையோட முகம் தண்ணியைக் கொஞ்சம் தாங்கும், அறுத்த ஓரம் குடிக்கும். ஜன்னலுக்கு அறுத்த ஓட்டை, கதவுக்கு அறுத்த ஓட்டை, கீழ் ஓரம், ஒண்ணு விடாம எபாக்ஸி பூசு. நீ என்னடான்னா அழகாத் தெரியற முகத்துக்கு மூணு கை வார்னிஷ் அடிச்சுட்டு, ஓரத்தை "அது வெளிய தெரியாது அப்புச்சி"ன்னு விட்டுட்டே. மழைக்குத் தெரியும்.

கூரைக்கு அலுமினியத் தகடு விலை கேட்டு வந்து மூஞ்சி தொங்கிப் போச்சு உனக்கு. காசில்லாதவன் இந்த ஊர்லயும் ஒரு வித்தை வெச்சிருக்கறான். பெயிண்ட் அடிக்கறவங்க தரைல விரிக்கற கித்தான் இருக்குதல்ல, அதைத் தண்ணி தாங்கற மரப்பசைல கூரை மேல ஒட்டி, சுருக்கம் போக இழுத்து வுட்டு, காஞ்ச பொறவு ஊட்டுச் சுவத்துக்கு அடிக்கற பெயிண்ட்டையே நாலஞ்சு கை அடிக்கறாங்க. ஏழைங்க ஃபைபர்கிளாஸ்னு அதுக்குப் பேரு. பெயிண்ட்டைப் புதுப்பிச்சுட்டு இருந்தா வருசக்கணக்கா நிக்குது. இதை நான் சொன்னதும் நீ போன்ல தேடிப் பாத்துட்டு, "ஆமா அப்புச்சி, நெசந்தான்"னு ஆச்சரியப்பட்டே. அந்த ஆச்சரியத்துக்கு உன்னைய நான் மன்னிச்சுட்டேன்.

ஜன்னல் சட்டத்துக்கு அடில பியூட்டைல் டேப் போடு, சிலிக்கானை அள்ளி அப்பாதே. சிலிக்கான் பட்ட எடத்துல பெயிண்ட்டும் ஒட்டாது, பொறவு வேற எதுவும் ஒட்டாது. பின்கதவுக்குப் புயல் ஷட்டருக்குன்னு செஞ்ச அலுமினியக் கீல் ஒண்ணு விக்குது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கறது. அதுக்குக் குடுக்கற காசை யோசிக்காதே, எச்சா ஒழுகற எடமே அதுதான். அப்பறம் மலிவாக் கெடைச்சுதுன்னு ஒரு டப்பா கறுப்புத் திருகாணி வாங்கியிருக்கறே பாரு, அது ஊட்டுக்குள்ள ஜிப்சம் போர்டு அடிக்கறது. ரோட்டு அதிர்ச்சிக்குத் தலை பட்டுன்னு முறிஞ்சுரும், மழைக்குத் துருப்புடிச்சுரும். எடுத்து அக்கட்ட வெய்யி.

டப்பாத் திருகாணில எட்டு டாலர் மிச்சம் புடிச்சவன், நிறம் மாத்தி மாத்தி மினுங்கற லைட்டுக்கு எத்தனை குடுத்தே? பாட்டுக் கேக்கற ஸ்பீக்கருக்கு? அதெல்லாம் வாங்கிட்டு டயரை மட்டும் யாரோ கழட்டிப் போட்டதை வாங்கி வந்திருக்கறே. ட்ரெய்லருக்குன்னே எஸ்.டி. போட்டு விக்கற டயர் இருக்குது, அதை வாங்கு. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைவிட வெசையாச் சுத்தோணும், அதனால பேரிங்குக்கு கிரீஸ் இல்லாமக் கெளம்பாதே. வண்டி மை போடாம எங்கப்பன் கட்டுத்தரையை விட்டே எறங்க மாட்டாரு. சக்கர நட்டைக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒருக்கா முடுக்கிப் பாரு. கொக்கி உருண்டை எந்த அளவோ மாட்டற வாயும் அதே அளவா இருக்கோணும், ரெண்டு சங்கிலியும் அடில குறுக்காப் போகோணும். வேகம் 55 மைல், இங்க எதை இழுத்துட்டுப் போனாலும் அதுக்கு மேல சட்டமே விடாது.

ஒயர் விசயம் நானே கண்ணால பாத்தது. நீ பிரேக்கை அமுத்துனா எடது லைட்டு மங்கி, வலது லைட்டு கண்ணடிக்குது. மூணு வீடியோ பாத்துட்டு பல்பு மாத்துனே, பொறவு காரோட ஃபியூஸை மாத்துனே. நாலு ஒயர் வருது. பழுப்பு ராத்திரி லைட்டுக்கு, மஞ்சள் எடதுக்கு, பச்சை வலதுக்கு, வெள்ளை எர்த்துக்கு. அந்த வெள்ளை ஒயரை நீ பெயிண்ட்டு மேலயே முடுக்கி வெச்சிருக்கறே. நான் சாவியை எடுத்து அந்த எடத்துல பெயிண்ட்டைச் சொரண்டி, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச பொறவு முடுக்கச் சொன்னேன். எரிஞ்சுது. "உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியுமா அப்புச்சி?"ன்னு கேட்டே. எனக்குத் துரு தெரியும் சாமி.

உள்ள படுத்துட்டுக் குளுருதுன்னு அடுப்பு பத்த வெக்கற ரோசனை இருந்தா இப்பவே கைவிட்டுரு. அடுப்பும் கேஸ் ஹீட்டரும் வெளியதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கெடையாது, தூங்கறவனை எழுப்பவும் எழுப்பாது. அதைச் சொல்ற சின்ன அலாரம் ஒண்ணு உள்ள மாட்டு. கூரைல 14 இஞ்சுக்கு 14 இஞ்சு காத்தாடி ஒண்ணு வெய்யி. இல்லாட்டி ரெண்டு பேரு மூச்சுக்காத்தும் மேல்பலகைல முத்து முத்தாக் கோத்து, விடியறப்போ மூஞ்சில சொட்டும். கூரை ஒழுகுதுன்னு நீ ஏணி எடுத்துட்டு மேல ஏறுவே.

காரேஜ் கதவு 7 அடி உசரம். "உள்ள நின்னு சட்டை போட்டுக்கற மாதிரி இன்னும் கொஞ்சம் உசத்தலாமா"ன்னு நேத்து நைட்டு நீ அம்மிணிகிட்டச் சொன்னது என்ற காதுல விழுந்துது. உசத்து. அப்பறம் கதவைப் பேத்துட்டுத்தான் வெளிய எடுக்கோணும். வாங்குன ரசீதெல்லாம் ஒட்டுக்கா ஒரு கவர்ல போட்டு வெய்யி. ஊட்ல கட்டுனதுன்னு பதியறப்போ டி.எம்.வி. ஆபீசுல கேப்பாங்க. காலனிச் சங்கத்து விதியையும் படி. வாசல்ல ட்ரெய்லர் நிறுத்தப்படாதுன்னு பல எடத்துல எழுதி வெச்சிருக்கறாங்களாம். காடு மேடு சுத்தறதுக்குக் கட்டுன வண்டியை வாடகைக் கொட்டாய்ல மாசாமாசம் காசு கட்டிப் பூட்டி வெச்சா, அந்தக் காசை ஓட்டல்காரனுக்கே குடுத்திருக்கலாமல்ல?

மொதல் பயணமே யோசெமிட்டிங்கறே. அங்க கரடி நடமாட்டம். சோத்துச் சாமான், பல்பொடி, சோப்பு, வாசம் அடிக்கற எதையும் பார்க்குக்காரங்க வெச்சிருக்கற இரும்புப் பொட்டிக்குள்ள பூட்டோணும். உன்ற பின்சமையக்கட்டைக் காலி பண்ணி நித்தம் பொழுதோட அங்க தூக்கிட்டுப் போகோணும். அம்மிணி பெருங்காய டப்பாவை எங்கயாவது எடுக்க மறந்துச்சுன்னா, அரை இஞ்சுப் பலகை கரடிக்கு ஒரு கதவா?

அதெல்லாம் போகட்டும். "நீங்களும் வாங்க அப்புச்சி"ன்னு நேத்துக் கூப்பிட்டியல்ல? பொட்டில ரெண்டு பேருக்கே எடம் பத்தல, நான் எங்க படுக்கறதுன்னு கேட்டேன். "பக்கத்துல டெண்ட்டு போட்டுக் குடுக்கறேன்"னே. கரடி வந்தா மொதல்ல துணியைக் கிழிக்குமா பலகையைக் கிழிக்குமான்னு அதையும் ஒரு வீடியோ பாத்துட்டு வந்து சொல்லு, அப்பறம் பாக்கலாம்.